ஆறு பக்கமும் எதிர்காற்று

சபிதா அக்கா அணுவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார் என்று தெரிந்த அன்றே, அவர் கூடங்குளத்தில் வேலை பார்ப்பதாக எங்கள் தெரு முடிவு செய்துவிட்டது. அவர் தினமும் காலை எட்டேகாலுக்கு ஏறுவது நாகர்கோவில் பேருந்து. கூடங்குளத்துக்குப் போகும் வழி வேறு. அதெல்லாம் யாருக்கும் பொருட்டில்லை.

“ஏட்டி சபிதா, நேத்து மூணு மட்டம் கரண்டு போச்சு. உங்க ஆபீசுல ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?” என்பார் எதிர்வீட்டு நேசம்மாள் அத்தை.

“சொல்லியாச்சு அத்தை. உங்க வீட்டுக்கு மட்டும் தனி லைன் இழுக்கப் போறாவளாம்.”

“போடி, கேலி பண்ணாத!”

மறுநாளும் இதே பேச்சு நடக்கும். அக்கா ஒருநாளும் சலித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நானும் ஆரல்வாய்மொழியில் அதே தெருதான். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது நான். பி.காம். பட்டம் வாங்கிய பிறகும் நாலு வீடு தள்ளி இருப்பவர் என்ன வேலை செய்கிறார் என்று தெரியாமல் இருப்பது உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நேராகவே கேட்டுவிட்டேன்.

“அணுவைப் பிடிச்சு நிறுத்துகேன்,” என்றார் அக்கா. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“எதை வச்சு?”

“வெளிச்சத்த வச்சு.”

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

“நீ பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்லதான போன? ஆடி மாசம் கணவாய்க் காத்து எப்பிடி அடிக்கும்?”

“ஆளையே பின்னால தள்ளும்.”

“வேகமா மிதிச்சா?”

“இன்னும் முகத்துல அறையும்.”

“அவ்வளவுதான் விஷயம். முன்னால ஒரு காத்து, பின்னால ஒரு காத்து, வலது, இடது, மேல, கீழ. எந்தப் பக்கம் திரும்பினாலும் உனக்கு எதிர்காத்து. என்ன செய்வ?”

“சைக்கிள விட்டு இறங்கிருவேன்.”

“அணுவும் இறங்கிரும்,” என்று சிரித்தார்.

நம்மைச் சுற்றியிருக்கும் காற்றில் அணுக்கள் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெளிச்சத்துக்குத் தள்ளும் பலம் உண்டு என்பதும் அன்றுதான். ருபீடியம் என்ற உலோகத்தின் அணுக்களைக் காற்று நீக்கிய ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு, அவற்றுக்கென்றே பார்த்து நிறம் சரிசெய்த லேசர் ஒளியை ஆறு பக்கமிருந்தும் அடிக்க வேண்டும். எதிரே ஓடிவரும் அணுவை ஒளி தள்ளும். தள்ளத் தள்ள வேகம் குறையும். கூடவே ஒரு காந்தப் புலமும் இருந்தால், வேகம் குறைந்த அணுக்கள் நடுவில் ஒரு கடுகளவு இடத்தில் கூடி நிற்கும். இதைத்தான் அக்கா தன் முப்பத்தாறு வயதுக்குள் பத்து வருடத்துக்கு மேல் படிப்பாகவும் வேலையாகவும் செய்து வந்திருக்கிறார்.

“அதை எதுக்கு மக்கா பிடிக்கணும்? அது பாட்டுக்குப் போட்டும்,” என்று உள்ளேயிருந்து அவருடைய அம்மா நாகம்மை குரல் கொடுத்தார். பல வருடக் கேள்வி போலிருக்கிறது.

“ஓடுத பிள்ளைக்கு முகம் கழுவ முடியுமா அம்மா? பிடிச்சு நிறுத்தினாத்தான அது என்னன்னு பாக்கலாம்?”

அக்காவின் அப்பா வைகுண்டராஜனுக்கு எங்கள் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவார், படங்களுக்குச் சட்டம் போடுவார், நிலைக்கண்ணாடி விற்பார். எங்கள் ஊர் நிழல்தாங்கலில் அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் கண்ணாடியும் அவர் வெட்டிக் கொடுத்ததுதான். நெற்றியில் நாமம் இல்லாமல் அவர் கடை திறந்து யாரும் பார்த்ததில்லை. பள்ளி விட்டு வந்து அக்கா அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருப்பார். அக்காவைப் பற்றி எழுத நினைத்திருந்த எனக்கு இதைக் கேட்டதும் ஒரே உற்சாகம். கண்ணாடி, வெளிச்சம், சின்னப் பிள்ளை. கதை தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

“அங்கதான் உங்களுக்கு ஆர்வம் வந்துச்சா அக்கா?”

“இல்லடே. பிளஸ் டூல கெமிஸ்ட்ரி மார்க்கு குறைஞ்சு போச்சு. காலேஜில பிசிக்ஸ்தான் கெடச்சுது.”

ஒருவரைப் பற்றி எழுதப் போகும்போது முதலில் நம்முடைய கற்பனையைத்தான் எடுத்துக்கொண்டு போகிறோம் என்று நினைக்கிறேன்.

கிடைத்த பாடம் பிடித்துப்போனது. நாகர்கோவிலில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. பிறகு பெங்களூரில் ஆறரை வருட ஆராய்ச்சி. முதல் இரண்டு வருடமும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பையை எடுத்து வைப்பாராம். ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தது ஒரு சிரமம். தமிழில் பேசினால் சென்னைப் பிள்ளைகள், “நீ மலையாளியா?” என்று கேட்பது அதைவிடப் பெரிய சிரமம். மூன்றாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு, ஆய்வகத்தில் அவர் தனியாக இருந்தபோது, பெட்டியைக் காட்டும் கேமராத் திரையில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு தெரிந்தது. அவர் பிடித்த முதல் அணுக்கூட்டம் அது. யாரிடமாவது சொல்ல வேண்டும். அப்பாவைக் கூப்பிட்டார்.

“அப்பா, பிடிச்சாச்சு!”

“யார மக்கா?” என்று பதறிவிட்டார் வைகுண்டராஜன்.

அதன்பின் ஜெர்மனியில் இரண்டு வருடம். பிறகு நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை. ஜெர்மனியை விட்டு ஏன் வந்தார் என்று நான் கேட்டபோது, “வேக்கன்சி போட்டிருந்தாவ, அப்ளை பண்ணினேன்,” என்றார். பெரிய காரணமாக எதையோ எதிர்பார்த்த எனக்குச் சப்பென்று போய்விட்டது. கொஞ்சம் கழித்து அவராகவே சொன்னார்: “அங்க எல்லாக் கண்ணாடியும் எனக்கு முன்னால யாரோ வச்சது. ஒரு மேசையாவது நானே முதல்ல இருந்து அடுக்கணும்னு தோணிச்சு.”

அந்த மேசையை அடுக்கத்தான் மூன்று வருடம் ஆனது. கல்லூரியில் விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைத்திருந்த அறை கிடைத்தது. மத்திய அரசின் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றிலிருந்து லேசர்களும் பம்புகளும் வந்தன. உதவிக்கு ஆய்வக உதவியாளர் பிரைட்டன் அண்ணன். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கல்லூரியில் இருக்கிறார். சர்ச் பாடகர் குழுவில் பெரிய குரல் அவருடையது. திருகாணி திருகும்போதும் கீர்த்தனை முனகிக்கொண்டேதான் திருகுவார்.

திட்டத்துக்கு மூன்று வருடம் கெடு. முடிவில் இரண்டு நிபுணர்கள் வந்து பார்ப்பார்கள். அணுக்கள் நின்றிருந்தால் இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்பு. நிற்கவில்லை என்றால் லேசர், பம்பு, மேசை எல்லாம் வேறொரு நிறுவனத்துக்குப் போய்விடும். அறைக்குள் மறுபடியும் கிரிக்கெட் மட்டை வந்துவிடும். முப்பத்தைந்து மாதம் முடிந்தபோதும் ஒரு அணுக்கூட்டமும் நிற்கவில்லை. ஆறு கதிரும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். பேருந்து போனால் தரை அதிர்ந்தது. கரண்டு போனால் லேசர் நிறம் மாறியது.

“மேடம், அணு வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. எழும்பி நிக்கணும்லா,” என்பாராம் பிரைட்டன் அண்ணன்.

நிபுணர்கள் வருவது ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு. அந்த வாரம் திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளைப் பொட்டு வந்தது. பிரைட்டன் அண்ணன் உண்மையிலேயே எழுந்து நின்றார்.

அக்கா வீட்டுக்கு வந்து, “நாளை கழிச்சு நீங்க ரெண்டு பேரும் காலேஜுக்கு வாங்க. வந்து பாருங்க,” என்றார். இத்தனை வருடத்தில் அப்பாவும் அம்மாவும் அவருடைய வேலையைப் பார்த்ததே இல்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. கெடுவைப் பற்றி மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை நடந்ததை மூன்று பேர் எனக்கு மூன்று விதமாகச் சொன்னார்கள். பிரைட்டன் அண்ணன் நடித்தே காட்டினார். ஒத்துப்போகும் பகுதிகளை மட்டும் எழுதுகிறேன்.

அவர்கள் வந்து பத்து நிமிடத்தில் முதல்வர் அறையிலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்தது, நாளைய ஏற்பாடு பற்றிப் பேச. அக்கா லேசரை அணைத்துவிட்டு, “இப்ப வந்திருகேன், வந்து காட்டுகேன்,” என்று போனார். பிரைட்டன் அண்ணன் டீ வாங்கப் போனார். நாகம்மை வராண்டாவில் ஒரு டீச்சரோடு பேச்சில் இருந்தார். வைகுண்டராஜன் தனியாக, மேசை நிறைய இருந்த குட்டிக் குட்டிக் கண்ணாடிகளோடு உள்ளே இருந்தார்.

கண்ணாடி வியாபாரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் விரல் நுனியை அதன்மேல் வைப்பார்கள். ரசம் பின்பக்கம் இருப்பதால் விரலுக்கும் உள்ளே தெரியும் விரலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். அதைப் பார்த்தே கண்ணாடியின் கனத்தைச் சொல்லிவிடுவார்கள். வைகுண்டராஜன் முதல் கண்ணாடியில் விரலை வைத்தார். இடைவெளியே இல்லை. விரலும் விரலும் ஒட்டிக்கொண்டு நின்றன. நாற்பது வருடத் தொழிலில் அவர் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. அடுத்ததில் வைத்தார். அதிலும் இல்லை. ஏழு கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டார்.

பார்த்தால் ஏழிலும் கைரேகை. மகளுடைய சாமானை அப்படி விட்டுவிட்டுப் போக மனம் வருமா? அங்கே கிடந்த பழைய பேப்பரைக் கிழித்து, தண்ணீர் தொட்டு, கடையில் செய்வதுபோலவே அழுத்தித் துடைத்தார்.

அக்கா திரும்பி வந்தபோது வைகுண்டராஜன் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

“எட்டி மக்கா, இது என்ன கண்ணாடி! கனமே இல்லியே!”

“தொட்டியளா அப்பா?”

“தொட்டேன். அதான் நல்லாத் தொடச்சும் வச்சாச்சு.”

அக்கா லேசரைப் போட்டார். திரை கறுப்பாக இருந்தது.

அந்தக் கண்ணாடிகளுக்குப் பூச்சு பின்பக்கம் கிடையாது. முன்பக்கம்தான். அதனால்தான் இடைவெளி இல்லை. நாலு கண்ணாடிகளின் பூச்சு கெட்டியானது, தப்பித்தது. மூன்றில் இருந்தது தங்கப் பூச்சு. விரல் பட்டாலே கீறும். அதை ஈரப் பேப்பரால் தேய்த்தாகிவிட்டது. துடைத்த வேகத்தில் எல்லாம் மயிரிழை மயிரிழையாக நகர்ந்தும் இருந்தது. புதுக் கண்ணாடி பெங்களூரிலிருந்து வர நாலு நாள் ஆகும்.

“என்னட்டி ஆச்சு? முகம் ஏன் இப்பிடி இருக்கு?” என்று நாகம்மை கேட்டார். அதன்பின் மறைக்க முடியவில்லை. வியாழக்கிழமை, நிபுணர்கள், நீட்டிப்பு, எல்லாவற்றையும் அக்கா சொன்னார்.

வைகுண்டராஜன் வெளியே போய் வராண்டாப் படியில் உட்கார்ந்துகொண்டார். டீயோடு வந்த பிரைட்டன் அண்ணன், “அண்ணாச்சி, டீ,” என்று நீட்டினார். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அக்கா இரண்டு நிமிடம் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வந்ததா என்று பின்னால் கேட்டேன். வந்ததாம். யார்மேல் என்றுதான் தெரியவில்லையாம். ‘தொடாதீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனது தான்தானே என்றார். பிறகு படியில் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அப்பா, இப்பிடி இருந்தா ஆவாது. உள்ள வாங்க. அந்த மூணுல எது தேறும், எது தேறாதுன்னு பாத்துச் சொல்லுங்க.”

“நான் இனி அதத் தொடமாட்டேன் மக்கா.”

“தொடாண்டாம். பாத்தாப் போதும்.”

கண்ணாடியில் கீறல் பார்ப்பதில் எங்கள் ஊரில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அக்கா உறை போட்ட கையால் ஒவ்வொன்றாகக் கழற்றி ஜன்னல் பக்கம் பிடித்தார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, “கொஞ்சம் சாய்ச்சுப் பிடி... இன்னும்... நில்லு,” என்று பார்த்தார்.

“கைரேகை இருந்த இடத்தத்தான் தேய்ச்சேன். நடுவுலயும் இடப்பக்கமும் போச்சு. வலது ஓரத்துல ஒரு அங்குலம் சுத்தமா இருக்கு.”

ஒரு அங்குலம் போதும். கதிர் அதைவிடச் சின்னது. கண்ணாடியைத் திருப்பி, தாங்கியைத் தள்ளி வைத்தால் கதிர் கீறல் இல்லாத இடத்தில் விழும். இரண்டாவதும் அப்படியே தேறியது. மூன்றாவதை அவர் வெகு நேரம் பார்த்தார்.

“இது செத்துப் போச்சு மக்கா.”

“மேடம், பி.எஸ்சி. லேபுல அந்தப் பழைய இன்டர்பெரோமீட்டர் கருவி கிடக்கே,” என்றார் பிரைட்டன் அண்ணன். “அதுலயும் முன்பக்கம் பூசின கண்ணாடிதான? நான்தான் வருஷாவருஷம் பிள்ளையள தொடாத, தொடாதன்னு கத்துகேன்.”

கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகுதான் எதிரில் நிற்பது யார் என்று உறைத்திருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டார். முதலில் சிரித்தது நாகம்மை. அடுத்து அக்கா. கடைசியாக வைகுண்டராஜனே சிரித்துவிட்டார்.

அந்தக் கருவியின் கண்ணாடியையும் கழற்றி வந்து, அன்று மாலை கல்லூரி பூட்டும்வரை கண்ணாடிகளை மாட்டினார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கே நாலு பேரும் வந்தார்கள். அக்காவும் பிரைட்டன் அண்ணனும் கதிர்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பத்தரைக்கு ஐந்து கதிர்கள் சரியாக இருந்தன. ஆறாவது முரண்டு பிடித்தது.

நிபுணர்கள் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார்கள். ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேராசிரியை, அறுபது வயது இருக்கும். இன்னொருவர் டெல்லியிலிருந்து வந்த இளைஞர், தமிழ் தெரியாது. திரை கறுப்பாக இருந்தது. நேற்று என்ன நடந்தது என்பதை அக்கா ஒளிக்காமல் சொன்னார். பாதுகாப்புக்கான பெரிய கறுப்புக் கண்ணாடியைத் தன் மூக்குக்கண்ணாடிக்கு மேல் மாட்டிக்கொண்டு மூலையில் ஒடுங்கி நின்ற வைகுண்டராஜனைப் பேராசிரியை பார்த்தார்.

“இவரா?”

“ஆமா மேடம். எங்க அப்பா.”

“பன்னிரண்டரைக்கு எங்களுக்கு வண்டி. அதுவரைக்கும் பாருங்க,” என்று உட்கார்ந்துவிட்டார்.

நாகம்மை சும்மா இருப்பாரா? கொண்டுவந்திருந்த தூக்குவாளியைத் திறந்து இருவருக்கும் முந்திரிக்கொத்துப் பலகாரம் கொடுத்தார். டெல்லிக்காரர் அது கல் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கடிக்க முடியாமல், துப்பவும் முடியாமல், கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அதன்பின் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “நல்ல பிள்ளை. பேசாம தின்னுது,” என்றார் நாகம்மை.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்கா ஆறாவது கதிருக்கான கண்ணாடியின் திருகாணியைக் கால் சுற்று திருப்பினார். ஒன்றுமில்லை. கொஞ்சம் பின்னால் திருப்பினார். திரையின் நடுவில் ஏதோ மினுங்கி மறைந்தது. இன்னும் நூலளவு திருப்பினார்.

வெள்ளைப் பொட்டு வந்து நின்றது.

“ஸ்தோத்திரம்!” என்று பிரைட்டன் அண்ணன் போட்ட சத்தம் பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்டதாம்.

பேராசிரியை எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். “ஒரு கதிரை மறைங்க பார்ப்போம்.” அக்கா ஒரு அட்டையை இடையில் நீட்டினார். பொட்டு போனது. அட்டையை எடுத்ததும் வந்தது. இன்னொரு கதிரை மறைக்கச் சொன்னார். போனது, வந்தது.

“எத்தனை இருக்கும்?”

“ஒரு கோடி அணு இருக்கும் மேடம்.”

“அய்யோ, ஒரு கோடியும் இந்தப் பொட்டுக்குள்ளயா? மூச்சு முட்டாதா?” என்றார் நாகம்மை.

பேராசிரியை சிரித்துக்கொண்டே கோப்பில் எழுதினார். எழுதி முடித்து அக்காவிடம் சொன்னார்: “இதைக் கழற்றி எங்கேயும் கொண்டுபோக வேண்டாம்னு எழுதியிருக்கேன். முடிவு சொல்றது நான் மட்டும் இல்லை. ஆனா நான் எழுதினா கேட்பாங்க.” வாசலில் வைகுண்டராஜனிடமும் நின்றார். “என் முதல் மாணவன் இதே மாதிரி தங்கக் கண்ணாடியைச் சட்டையால துடைச்சான். அவன் இப்ப பெரிய ஆளு.”

இருபது நாளில் இரண்டு வருட நீட்டிப்புக்கான கடிதம் வந்தது. ஆனால் அன்றைக்கு யாருக்கும் அது தெரியாது. நிபுணர்களின் வண்டி போன பிறகு நாலு பேரும் அறைக்குத் திரும்பினார்கள். பொட்டு அங்கேயே இருந்தது. வைகுண்டராஜன் கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு வெகு நேரம் திரையைப் பார்த்தார்.

“மக்கா, அந்த அட்டைய நான் ஒருக்கா நீட்டட்டுமா?”

அக்கா கொடுத்தார். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கண்ணாடியிலும் முட்டாமல், கதிருக்குள் நீட்டினார். பொட்டு மறைந்தது. எடுத்தார். வந்தது. மறுபடி நீட்டினார். எடுத்தார். நாலாவது தடவையும் கை நீண்டபோது நாகம்மைக்குப் பொறுக்கவில்லை.

“போதும், அட்டைய இங்க தாங்க. அந்த அணுவாவது ஒரு இடத்துல நிம்மதியா நிக்கட்டும்.”